வெந்த மரம்

அந்தப் பலகையை முதன்முதலாக அறுத்த அன்று, வெல்லப்பாகு அடிப்பிடித்த வாடை வந்தது. ரம்பத்தை நிறுத்திவிட்டுத் தூளை அள்ளிப் பார்த்தேன். காப்பிப்பொடி நிறம், கையில் ஒட்டாத வறட்சி. அறுத்த முகத்திலும் நடு வரைக்கும் ஒரே பழுப்பு. சாயமில்லை, மரமே வெந்திருந்தது.

பின்லாந்தின் தம்பேரே நகரில் வீடுகளுக்கு வெளிப்பலகை அடிக்கிற தச்சன் நான். ஊரில் அப்பாவும் தச்சர். தேக்கை வருஷக்கணக்கில் நிழலில் போட்டுக் காய வைத்து வேலை செய்தவர். மரத்தை அடுப்பில் வேகவைப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நெருப்புப் பட்ட மரம் சீக்கிரம் மக்காது என்பது பழைய அறிவு. ரோமானியர் விட்ருவியஸ், இளகிய நிலத்தில் இறக்கும் முளைகளைக் கருக்கி இறக்கச் சொன்னார். ஜப்பானில் சுகி மரப் பலகை மூன்றை முக்கோணக் குழாயாகக் கட்டி, அடியில் தீ மூட்டி, உள்முகத்தைக் கரியாக்கிச் சுவரில் அடிப்பார்கள். அதெல்லாம் மேல்தோலைக் கருக்குவதுதான்.

நடு வரைக்கும் சுட்டுப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஆல்பிரட் ஸ்டாம், அமெரிக்காவில் மேடிசன் நகரின் வனப்பொருள் ஆய்வுக்கூடத்து வேதியியலாளர். அவரும் கூட்டாளிகளும் உருகிய உலோகத்துக்குள் மரத்தை அமிழ்த்திச் சுட்டார்கள். காற்றுப் படாததால் தீப்பிடிக்கவில்லை. 1946-ல் ‘ஸ்டேப்வுட்’ என்று பெயரிட்டு முடிவுகளை வெளியிட்டார்கள். மரம் ஊதுவதும் சுருங்குவதும் குறைந்தன. கூடவே வலுவும் குறைந்தது. சந்தைக்கு வராமலே அது நின்றுபோனது.

பின்லாந்துக்கு அப்படிப்பட்ட மரம் தேவைப்பட்டது. நாட்டில் முக்கால் பங்கு காடு. ஆனால் ஸ்புரூஸும் பிர்ச்சும் பைனின் வெள்ளைப் பகுதியும் மழையில் நிற்காது. தார் பூசிப் பார்த்தார்கள். பிறகு தாமிரமும் குரோமியமும் ஆர்செனிக்கும் கலந்த மருந்தை அழுத்தத்தில் ஏற்றினார்கள். மருந்தேறிப் பச்சை நிறமான அந்தப் பலகையின் துண்டை அடுப்பில் போட முடியாது, புகையே நஞ்சு. 2004-ல் ஐரோப்பிய ஒன்றியம் வீட்டு உபயோகத்தில் அதற்குத் தடை போட்டது. அதற்கு முன்பே, 1990-களில், விடிடி என்கிற அரசு ஆய்வு நிறுவனமும் மர ஆலைகளும் சேர்ந்து மரத்தை வேகவைக்கும் சூளை முறையை உருவாக்கிவிட்டன. இப்படி வெந்த மரத்துக்கான ‘தெர்மோவுட்’ சங்கம் 2000-ல் உருவானது.

உலோகத்துக்குப் பதில் இங்கே நீராவி. முதலில் சூடு 100 பாகைக்கு ஏறும், பிறகு நிதானமாக 130-க்கு. அதற்குள் மரத்தில் ஈரமே இராது. அடுத்து 185-லிருந்து 215 பாகைக்குள் இரண்டு மூன்று மணி நேரம். ஆவி சூழ்ந்திருப்பதால் தீப்பிடிக்காது. கடைசியில் தண்ணீர் தெளித்து ஆற்றி, 4 முதல் 7 சதவீத ஈரத்தைத் திரும்ப ஏற்றுவார்கள். இதில் மரத்தின் சர்க்கரைச் சேர்மங்களில் ஒரு பகுதி சிதைகிறது. பூஞ்சைக்குத் தீனி குறைகிறது, தண்ணீரைப் பிடித்து வைக்கும் பிடியும் தளர்கிறது. பிசின் வெளியேறிவிடுவதால் கணுக்கள் கசிவதில்லை. நான் முகர்ந்த வாடை அந்தச் சர்க்கரை கருகியதுதான்.

ஸ்டாமை மடக்கிய வலுக்குறைவு மட்டும் போகவில்லை. பலகை முனையில் முதலில் துளை போடாமல் திருகாணி ஏற்றினால் பிளந்துவிடும். சாதா இரும்பாணி கறை விடும், துருப்பிடிக்காத எஃகுதான் வேண்டும். மண்ணில் புதைக்கக் கூடாது. வெயிலில் அந்த அழகான பழுப்பும் வெளுத்துச் சாம்பல் நிறமாகும்.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஒரு சாண் துண்டை எடுத்துப் போனேன். அதே அளவில் வேகாத பைன் துண்டும். அப்பா இரண்டையும் அளந்து ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டார். காலையில் மறுபடி அளந்தார். வெந்தது கொஞ்சம்தான் ஊதியிருந்தது, மற்றது அதைவிட நன்றாகவே. தலையாட்டிக்கொண்டார். பிறகு வெந்த துண்டின் மூலையில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். நறுக்கென்று தெறித்தது. சில்லைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“சுவருக்கு அடி. தூண் நிறுத்திடாதே.”

“நிறுத்த மாட்டோம்பா” என்றேன்.