கிருபைக்கு ரசீது கிடையாது

டோம்பிவிலிக்கு நான் வந்த புதிதில் பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தார். நாசரேத் பக்கத்துக்காரர். ஆறு மாதம் எனக்கு ராத்திரிச் சாப்பாடு அவர் வீட்டில்தான். எத்தனை மணி லோக்கலில் வந்து இறங்கினாலும் தட்டு மூடி வைத்திருக்கும். எனக்கோ அது உறுத்திக்கொண்டே இருந்தது. மாதக் கடைசியில் ஒரு கவரில் பணம் போட்டு அவர் அலமாரி மேல் வைத்துவிட்டு வருவேன். மறுநாள் காலையில் அதே கவர் என் வீட்டுக் கதவிடுக்கில் இருக்கும். மூன்றாவது மாதம் கேட்டே விட்டார்.

"ஏன் தம்பி, ஊர்ல அம்மா சோறு போட்டாலும் கவர்தான் குடுப்பியளா?"

பி.காம். படித்துவிட்டு பேங்கில் உட்கார்ந்தவன் புத்தி அப்படித்தான். எதற்கும் ஒரு பற்று, ஒரு வரவு இருந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனாலும் அதே கணக்குதான். இந்த வாரம் ஒழுங்காக ஜெபித்தேனா, காணிக்கை சரியாகப் போட்டேனா, அப்படியானால் தேவன் இரங்குவார். "கிருபை" என்று நூறு தடவை பாடியிருப்பேன். ஆனால் அதைச் சும்மா வாங்கிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கஷ்டம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், பண்டித ரமாபாயின் வாழ்க்கையைப் படிக்கும் வரை. மகாராஷ்டிராவில் இத்தனை வருஷம் இருக்கிற நம்மில் பலருக்கு அந்தப் பெயர் தெரியும். பெண் கல்விக்குப் பாடுபட்டவர், விதவைகளுக்கு இல்லம் நடத்தியவர் என்பதோடு நின்றுவிடுகிறோம். அவர் கிருபையைத் தேடிய கதை தனிக் கதை.

ரமாபாய் பிறந்தது 1858-ல், மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில். அப்பா அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருத அறிஞர். பெண்ணுக்குச் சமஸ்கிருதம் கற்றுத் தரக் கூடாது என்றிருந்த காலத்தில் மனைவிக்கும் மகளுக்கும் கற்றுக் கொடுத்தார். குடும்பமே ஊர் ஊராகத் தீர்த்த யாத்திரை போய்ப் புராணம் வாசித்துப் பிழைத்தது. கிடைத்ததில் பெரும்பகுதி தான தர்மத்துக்கே போயிற்று. 1870-களின் பஞ்சம் வந்தபோது அவர்கள் இருந்தது நம் மெட்ராஸ் மாகாணத்தில். நோன்பு, விரதம், தானம் எதிலும் குறை வைக்காத குடும்பம். ஆனாலும் அப்பா, அம்மா, அக்கா மூவரும் சில மாதங்களுக்குள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள்.

மிஞ்சிய அண்ணனும் தங்கையும் ஆயிரக்கணக்கான மைல் நடந்து 1878-ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அந்த இருபது வயதுப் பெண்ணின் சமஸ்கிருதப் புலமையைப் பார்த்து அசந்துபோன அறிஞர்கள் "பண்டிதா", "சரஸ்வதி" என்று பட்டம் கொடுத்தார்கள். 1880-ல் அண்ணன் இறந்தார். அதே வருஷம் வேறு சாதியைச் சேர்ந்த வங்காள வழக்கறிஞரான பிபின் பிஹாரியைத் திருமணம் செய்துகொண்டார். 1882-ல் அவரும் காலரா கண்டு போய்விட்டார். கையில் மனோரமா என்ற பெண் குழந்தை.

1883-ல் ரமாபாய் இங்கிலாந்து போனார். அங்கே வாண்டேஜ் என்ற ஊரின் கன்னிமாடத்துச் சகோதரிகள் லண்டனில் ஒரு இல்லம் நடத்தினார்கள். ஊர் "கெட்டுப்போனவர்கள்" என்று ஒதுக்கிய பெண்களுக்கான இல்லம். இவர்கள்மேல் உங்களுக்கு எப்படி இவ்வளவு பரிவு என்று ரமாபாய் கேட்டார். ஒரு சகோதரி யோவான் சுவிசேஷத்தில் இருந்து, கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணோடு பேசிய பகுதியை வாசித்துக் காட்டினார். அது மனதில் தைத்தது. அந்த வருஷம் செப்டம்பர் 29-ம் தேதி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார்.

கதை இங்கே முடிந்தது என்றுதான் நாம் நினைப்போம். ரமாபாயே பிற்காலத்தில் (1907-ல் எழுதிய தன் சாட்சியில்) அப்படி இல்லை என்கிறார். கிறிஸ்தவ மதம் கிடைத்தது, ஆனால் அந்த மதத்தின் உயிரான கிறிஸ்து இன்னும் கிடைக்கவில்லை என்பது அவர் சொன்னதன் சாரம்.

இந்த இடைவெளி எவ்வளவு தெரியுமா? எட்டு வருஷம்! அந்த எட்டு வருஷத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கா போனார், உயர்சாதி இந்துப் பெண்களின் நிலை பற்றி 1887-ல் ஆங்கிலத்தில் புத்தகம் வெளியிட்டார், பணம் திரட்டினார். 1889 மார்ச் 11-ம் தேதி பம்பாய் சௌபாத்தியில் "சாரதா சதன்" தொடங்கினார். முதலில் சேர்ந்த விதவைகளில் ஒருவர்தான் பின்னாளில் தோண்டோ கேசவ் கார்வேயின் மனைவியான ஆனந்திபாய். நற்செயலுக்குக் குறைவே இல்லை. ஆனால் உள்ளே நிம்மதி இல்லை.

1891 வாக்கில் ஹஸ்லாம் என்ற இங்கிலாந்துப் போதகரின் வாழ்க்கை வரலாறு கைக்குக் கிடைத்தது. பல வருஷம் பிரசங்கம் பண்ணிய பிறகுதான் நான் மனந்திரும்பினேன் என்று சொல்கிற மனிதர் அவர். ரமாபாய்க்கு அது தன் கதையாகவே பட்டது. தன் தகுதியால் ஆவது ஒன்றும் இல்லை, இருக்கிறபடியே போய் வாங்கிக்கொள்வதுதான் வழி என்று புரிந்தது. விரதத்திலும் யாத்திரையிலும் வளர்ந்தவருக்கு, அதற்குப் பிறகு படிப்பிலும் சேவையிலும் தன்னை நிரூபித்தவருக்கு, அந்த ஒரு அடிதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்திருக்கிறது.

நம் தமிழில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இதே விஷயத்தைக் காப்பியமாகவே பாடியிருக்கிறார். ரமாபாய் பிறந்த அதே 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற நெல்லைக்காரர். பன்யனின் கதையைத் தழுவி 1894-ல் அவர் வெளியிட்ட "இரட்சணிய யாத்திரிகம்" சுமை தூக்கி நடக்கிறவனின் கதை. சிலுவையின் முன்னால் அந்தச் சுமை தானாகவே விழுகிறது. அவன் அதை இறக்கி வைப்பதும் இல்லை, அதற்கு விலை கொடுப்பதும் இல்லை.

கிருபையை இப்படி வாங்கிக்கொண்ட பிறகு ரமாபாய் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். 1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களுக்கே போய், பசியில் கிடந்த நூற்றுக்கணக்கான சிறுமிகளைக் கூட்டி வந்தார். சிறுமியாக அதே பசியை அனுபவித்தவர் அல்லவா? புனே அருகே கேட்காவில் "முக்தி" இல்லம் வளர்ந்தது. 1900-ல் அங்கே ஆயிரம் பேருக்கு மேல். அதில் ஒரு பகுதிக்கு அவர் வைத்த பெயர் "கிருபா சதன்". லண்டனில் பார்த்தாரே, அதே மாதிரி யாரும் சேர்க்காத பெண்களுக்கான வீடு. நாம் கிருபை என்கிற சொல் மராத்தியில் கிருபா, அவ்வளவுதான் வித்தியாசம். உள்ளே வருகிறவளிடம் தகுதி கேட்கவில்லை. கேட்காமல் தனக்குக் கிடைத்தது அல்லவா?

எல்லாரும் அவரைப் பாராட்டிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1893-ல் மதம் மாற்றுகிறார் என்று புனேயில் பெரிய எதிர்ப்பு எழுந்தது, பல பெற்றோர் பெண்களைத் திருப்பிக் கூட்டிப் போனார்கள், ஆதரித்து வந்த ரானடே போன்ற சீர்திருத்தவாதிகளும் விலகினார்கள். 1921-ல் மகள் மனோரமாவும் இறந்தார். அதையும் தாங்கிக்கொண்டு, எபிரேயமும் கிரேக்கமும் கற்று எளிய மராத்தியில் செய்துவந்த வேதாகம மொழிபெயர்ப்பை முடித்துவிட்டு, 1922 ஏப்ரல் 5-ம் தேதி கண்ணை மூடினார்.

புனேயில் இருந்து தவுண்டு போகிற பாதையில் கேட்காவ் ஒரு சின்ன ஸ்டேஷன். முக்தி இன்றும் நடக்கிறது. பிள்ளைகளுக்கு லீவு கிடைத்தால் ஒரு நாள் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

அந்த அக்கா இப்போது இல்லை. கவரை எங்கே ஒளித்து வைக்கலாம் என்று யோசித்த நேரத்தில், சாப்பாடு நன்றாக இருந்தது அக்கா என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவே இல்லை. அவர் சமைத்த மீன்குழம்பின் கடன் இனி தீராது. தீர்க்க வேண்டும் என்று அவர் நினைக்கவும் இல்லை.