மண்ணெண்ணெய்க் காலமும் டேர்போ காரும்

1990 முதல் 2002 வரை நீடித்த பொருளாதாரத் தடை, வன்னியின் வாகனங்களுக்கும் தனியொரு வரலாற்றைத் தந்தது. 1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தோர் ஸ்கந்தபுரத்திலும் அக்கராயனிலும் தஞ்சம் புகுந்த காலத்தில், பெற்றோல் கிடைத்தற்கரிய பொருள். சில துளி பெற்றோலில் உயிர்பெற்ற மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின் கார்களும் பின்னர் மண்ணெண்ணெயிலேயே ஓடின. அவற்றின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அது இயன்றது.

அதற்கொரு விலையும் இருந்தது. முழுதும் ஆவியாகாத மண்ணெண்ணெய், பிஸ்டன் வளையங்களைக் கடந்து இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். ஒயில் தடிப்பிழந்தால் தேய்வது எஞ்சின்தான்.

புலம்பெயர்ந்த நண்பர்கள் சிலர், தமது டேர்போ காருக்கு 5டபிள்யூ-30 நல்லதா, 40 நல்லதா என வினவும்போதெல்லாம் இதுவே என் நினைவுக்கு வருகிறது. 'டபிள்யூ'வை ஒட்டிய எண் குளிர்நிலைக்குரியது. பின்னுள்ள எண் எஞ்சின் சூடேறியபின் ஒயிலுக்குள்ள தடிப்பைக் குறிப்பது. நிமிடத்துக்கு இலட்சம் தடவைக்கு மேல் சுழலவல்ல டேர்போவின் தண்டு, மெல்லிய ஒயில் படலத்திலேயே மிதக்கிறது. நேரடியாக எரிபொருள் பீச்சும் எஞ்சின்களில், குளிர்நாட்டுக் குறும்பயணங்களின்போது பெற்றோலும் ஒயிலிற் கலக்கிறது. அன்று மண்ணெண்ணெய் செய்ததை இன்று பெற்றோல் செய்கிறது.

ஆகவே, காரின் கைநூல் கூறும் தரத்தையே இடுங்கள். காலம் தவறாது மாற்றுங்கள். கலனில் அச்சிட்ட எண், நிரப்பிய நாளுக்கு மட்டுமே உத்தரவாதம்.