பாத்திஹ் பள்ளிவாசல்

பாத்திஹ் பள்ளிவாசல் துருக்கியின் இசுதான்புல் நகரில், அதே பெயர் கொண்ட மாவட்டத்தில் அமைந்துள்ள ஓர் ஒட்டோமான் அரசப் பள்ளிவாசல் ஆகும். 1453 இல் கொன்சுதாந்தினோபிளைக் கைப்பற்றிய சுல்தான் இரண்டாம் மெகமெது இதனைக் கட்டுவித்தார். "பாத்திஹ்" என்பது அவருக்கு வழங்கிய சிறப்புப் பெயர். "வெற்றி கொண்டவர்" என்பது அதன் பொருள். இன்று காணப்படும் கட்டடத்தின் பெரும்பகுதி அவர் காலத்தது அன்று. 18 ஆம் நூற்றாண்டில் மீளக் கட்டப்பட்டதாகும்.

அமைவிடம்

நகரின் நான்காவது குன்றில் இப்பள்ளிவாசல் அமைந்துள்ளது. முன்னர் இவ்விடத்தில் பைசாந்தியப் பேரரசர் பலர் அடக்கம் செய்யப்பட்ட புனித அப்போஸ்தலர் தேவாலயம் இருந்தது. 1453 இற்குப் பின் சிறிது காலம் கிரேக்க மரபுவழித் திருச்சபை முதுவரின் இருக்கையாக விளங்கிய அத்தேவாலயம், பள்ளிவாசலுக்காக இடிக்கப்பட்டது.

முதற் கட்டடம்

கட்டுமானம் 1463 முதல் 1470 வரை நடைபெற்றது. கட்டடக் கலைஞர் அதிக் சினான் ஆவார். இவர் பிற்காலத்தில் சுலைமானியா பள்ளிவாசலைக் கட்டிய மிமார் சினானிலிருந்து வேறானவர். நடுக் குவிமாடத்துடன், தொழுகைத் திசையில் ஓர் அரைக்குவிமாடமும் இருந்தது. பள்ளிவாசலைச் சூழ எட்டு உயர்கல்வி மதரசாக்கள், மருத்துவமனை, நூலகம், அன்னசாலை, பயணியர் விடுதி, குளியலகம் ஆகியவை அமைந்தன. எனவே இது வழிபாட்டிடமாக மட்டுமன்றி, கைப்பற்றப்பட்ட நகரின் புதிய கல்வி, சமூக மையமாகவும் விளங்கியது.

நிலநடுக்கமும் மீள்கட்டுமானமும்

1509 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சேதமுற்ற பள்ளிவாசல் பழுதுபார்க்கப்பட்டது. 1766 மே 22 இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் முதன்மைக் குவிமாடம் இடிந்து விழுந்தது. சுவர்களும் சீர்செய்ய இயலாதவாறு சிதைந்தன. சுல்தான் மூன்றாம் முஸ்தபா, கட்டடக் கலைஞர் மெகமெது தாகிரைக் கொண்டு வேறொரு வரைபடத்தின்படி அதனை மீளக் கட்டுவித்தார். இப்பணி 1771 இல் நிறைவுற்றது.

புதிய கட்டடத்தில் நடுக் குவிமாடத்தை நான்கு பக்கமும் அரைக்குவிமாடங்கள் தாங்குகின்றன. குவிமாடத்தின் பக்கவாட்டு உந்துவிசை இதனால் நான்கு திசைகளிலும் பகிரப்படுகிறது. முற்றமும் முதன்மை வாயிலும் பழைய கட்டடத்தின் எஞ்சிய பகுதிகளுள் குறிப்பிடத்தக்கவை.

1999 நிலநடுக்கத்திலும் சேதம் ஏற்பட்டது. அடித்தளத்தை வலுப்படுத்தும் பணிகள் 2008 இல் தொடங்கின. 2012 இல் பள்ளிவாசல் தொழுகைக்குத் திறக்கப்பட்டது.

கல்லறைகள்

பள்ளிவாசலின் பின்புறத் தோட்டத்தில் இரண்டாம் மெகமெது, அவருடைய மனைவி குல்பகார் காத்தூன் ஆகியோரின் கல்லறை மண்டபங்கள் உள்ளன. இவையும் 1766 நிலநடுக்கத்திற்குப் பின் மீளக் கட்டப்பட்டவையாகும்.