போடிமெட்டு ஏற்றத்தில் ‘டக்’ சத்தம் கேட்கிறதா? பிக்கப், ஜீப்பில் யூனிவர்சல் ஜாயிண்ட்டை எப்போது, எப்படி மாற்றுவது?

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு, முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை எனப் போகும். உர மூட்டையும் ஏலக்காய் மூட்டையும் பிக்கப்பில் மேலும் கீழும் போய் வரும். இந்த வண்டிகள் அத்தனையையும் நகர்த்துவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிலுவை வடிவ இரும்புத் துண்டு. அதில் தேய்மானம் வந்தால் முதலில் கேட்பது ஒரு சின்ன ‘டக்’ சத்தம்தான். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டால் என்ன ஆகும்?

யூனிவர்சல் ஜாயிண்ட் என்றால் என்ன?

இன்ஜினும் கியர் பாக்ஸும் சேசிஸோடு நிலையாக இருக்கின்றன. பின் சக்கரங்களைச் சுழற்றும் ஹவுசிங்கோ பள்ளம் மேட்டில் பட்டையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. இரண்டையும் இணைப்பது புரொப்பெல்லர் ஷாஃப்ட். ஷாஃப்ட் சாய்வாக இருந்தாலும் தடையில்லாமல் சுழல, அதன் முனைகளில் இருக்கும் மூட்டுதான் யூனிவர்சல் ஜாயிண்ட். ஒர்க்‌ஷாப்பில் ‘கிராஸ்’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

சிலுவையின் நான்கு முனைகளிலும் நான்கு கப். ஒவ்வொரு கப்புக்குள்ளும் வரிசையாக ஊசி பேரிங். கப்புகளைப் பிடித்திருப்பவை இரண்டு கவட்டை வடிவ யோக்குகள். இவ்வளவுதான்.

16ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரால் இதை ‘கார்டன் ஜாயிண்ட்’ என்றும் சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் இதை ஆராய்ந்தார். மோட்டார் வாகனத்துக்கு ஏற்ற வடிவத்துக்கு அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903இல் காப்புரிமை பெற்றார்.

மலைப்பாதையில் ஏன் சீக்கிரம் தேய்கிறது?

முதல் காரணம் விசை. முதல் கியரில் ஏறும்போது இன்ஜினின் திருகு விசை கியர் பாக்ஸில் பல மடங்காகி ஷாஃப்ட்டுக்கு வருகிறது. அந்த முழு அழுத்தமும் ஊசி பேரிங் மீதுதான் விழும்.

இரண்டாவது சாய்வு. ஒற்றை ஜாயிண்ட் சாய்வாகச் சுழலும்போது வேகம் சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடி, இருமுறை குறையும். 20 டிகிரி சாய்வில் ஒருபக்கம் நிமிடத்துக்கு 1000 சுற்று என்றால், மறுபக்கம் 940க்கும் 1064க்கும் இடையே ஊசலாடும். ஷாஃப்ட்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு ஜாயிண்ட்தான் இதைச் சமன் செய்கிறது. லோடு தாங்க வேண்டும் என்று கூடுதல் பட்டை போட்டு வண்டியை உயர்த்தினால் சாய்வு மாறும். கிராஸின் ஆயுளும் குறையும்.

மூன்றாவது தண்ணீரும் சேறும். மழைக்காலத் தோட்டப் பாதையில் சீல் வழியாக ஈரம் உள்ளே போனால், கிரீஸ் வெளியேறி ஊசிகள் துருப்பிடிக்கும்.

அறிகுறிகள் என்னென்ன?

* கிளட்சை விட்டதும், முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போதும் ‘டக்’ சத்தம்.
* மெதுவாகப் போகும்போது ‘கீச் கீச்’ சத்தம். கிரீஸ் இல்லாமல் ஊசிகள் காய்ந்திருக்கலாம்.
* வேகம் கூடக் கூட தரையில் அதிர்வு.
* கப் ஓரத்தில் செந்நிறத் துருத்தூள்.

சோதிப்பது எளிது. சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாயிண்ட்டின் இருபக்கத்தையும் பிடித்து எதிரெதிராகத் திருகி, மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஷாஃப்ட் முழுவதும் சேர்ந்து லேசாகத் திரும்பினால் அது கியர் பற்களின் இயல்பான இடைவெளி. சிலுவைக்கும் கப்புக்கும் நடுவே ஆட்டம் தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

உடைந்தால் என்ன ஆகும்?

ஏற்றத்தில் இழுவை நின்றுவிடும். இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கிங் போய்விடும். முழுச் சுமையும் கால் பிரேக்கின் மேல் விழுந்து அது சூடாகும். கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும். ஹேண்ட் பிரேக் கியர் பக்கமே இருக்கும் பழைய ஜீப் மாடல்களில் அதுவும் உதவாது. முன்முனை கழன்று தொங்கும் ஷாஃப்ட் சாலையில் ஊன்றலாம். பக்கத்தில் போகும் பிரேக் பைப்பை அடித்து உடைக்கலாம்.

கடையில் எப்படித் தேர்ந்தெடுப்பது?

வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் வரும் வண்டிகளிலும் ஆண்டுக்கும் மாடலுக்கும் ஏற்ப அளவு மாறலாம். சேசிஸ் எண்ணைச் சொல்லுங்கள். பழைய கிராஸையும் கையோடு கொண்டுபோங்கள். பார்க்க வேண்டியவை மூன்று: கப்பின் விட்டம், எதிரெதிர் கப்புகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே உள்ள நீளம், லாக் வெளிப்பக்கமா உள்பக்கமா என்பது. வெர்னியர் வைத்து அளப்பது நல்லது.

கிரீஸ் நிப்பிள் உள்ளதா, சீல் செய்ததா? சீல் வகையில் சிலுவைக்குள் துளை இல்லாததால் உறுதி சற்றுக் கூடும். ஆனால் உள்ளே தண்ணீர் போனால் ஒன்றும் செய்ய முடியாது. சேற்றிலும் ஓடையிலும் இறங்கும் வண்டிக்கு நிப்பிள் வகை வசதி. ஒழுங்காக கிரீஸ் அடித்தால் மட்டுமே அந்தப் பலன் கிடைக்கும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

1. ஷாஃப்ட்டைக் கழற்றினால் கியர் வண்டியைப் பிடிக்காது. முதலில் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்; ஸ்டாண்ட் வேண்டும்.

2. கழற்றும் முன் ஃபிளாஞ்ச், ஷாஃப்ட், நடு ஸ்லிப் பகுதி எல்லாவற்றிலும் பெயிண்டால் அடையாளம் போடுங்கள். ஷாஃப்ட்டின் இருமுனை யோக்குகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் வேக ஊசலாட்டம் சமனாகும். ஸ்லிப்பை ஒரு பல் மாற்றிப் போட்டால்கூட, புது கிராஸிலும் அதிர்வு வரும்.

3. லாக்கை எடுத்துவிட்டு கப்பை வைஸில் வைத்து அழுத்தி எடுங்கள். யோக்கின் காதுகளில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் அவை வளைந்துவிடும்.

4. புது கப்பைப் பொருத்தும்போது ஊசிகள் சரியாமல் கிரீஸ் பிடித்திருக்க வேண்டும். லாக் பள்ளத்தில் உட்காரவில்லை என்றால், ஓர் ஊசி கப்பின் அடியில் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். அடித்து ஏற்றாமல் வெளியே எடுத்துப் பாருங்கள்.

5. கப் யோக்கில் லூஸாக உட்கார்ந்தால் தகடு வைப்பது, வெல்டிங் பொட்டு வைப்பது தீர்வல்ல. யோக்கையே மாற்ற வேண்டும்.

6. நிப்பிள் கிரீஸ் கன் எட்டும் பக்கம் இருக்கட்டும். நான்கு சீல் ஓரத்திலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள்.

7. ஃபிளாஞ்ச் போல்ட்டுகள் அதே தரத்தில் இருக்க வேண்டும். வாகனக் கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்கி, சில நாள் ஓட்டிய பின் மறுபடியும் சரிபாருங்கள்.

நீளமான பிக்கப்பில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால் சென்டர் பேரிங்கையும் சேர்த்துப் பாருங்கள். ஃபோர் வீல் ஜீப்பில் முன் ஷாஃப்ட்டையும் மறக்க வேண்டாம்.

எப்போது பார்ப்பது?

ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் ஒருமுறை முழுச் சோதனை. ஆழமான தண்ணீரில் இறங்கினால் அன்றே கிரீஸ். ‘டக்’ சத்தம் கேட்டால் அடுத்த டிரிப்புக்கு முன் அடியில் குனிந்து ஒரு பார்வை. பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்குத் தெரிய வேண்டும்.