பத்திரத்தில் ஏறாத கூரை: காவிரிப் படுகையில் வீடு வாங்குவோரும் மின்செலவும்

சுவாமிமலையில் ஒரு வீடு விலைக்கு வந்தால் பேச்சு மனையில் தொடங்கி மனையிலேயே முடிகிறது. சதுர அடி என்ன விலை, எந்தத் திசை பார்த்தது, கும்பகோணம் சாலைக்கு எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்பவர், கூரையைப் பற்றி ஒழுகுமா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். பத்திரப்பதிவின் பார்வையும் இதுதான். மனைக்கு வழிகாட்டி மதிப்பு. கட்டடத்துக்குப் பொதுப்பணித் துறை விகிதம், அதில் வயதுக்கேற்ற தேய்மானக் கழிவு. சித்திரை மாதத்தில் உள்ளே எவ்வளவு வெக்கை என்பதற்கு இந்தக் கணக்கில் பத்தியே கிடையாது. விலையில் ஏறாத இந்தக் குணமே வாங்குபவருக்குக் கிடைக்கும் ஆதாயம் என்பது என் வாதம். ஆனால் அது எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. யாருக்கு எவ்வளவு என்பதை மின்கட்டணப் படிநிலை முடிவு செய்கிறது.

2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். பின்னர் விகிதங்கள் உயர்ந்தாலும் கணக்கின் போக்கு அதுவே. இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் வரை செலவழிக்கும் வீட்டுக்கு அடுத்த 100 யூனிட் 2.25 ரூபாய், அதன்மேல் 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய். 500-ஐத் தாண்டிய வீட்டுக்கோ 101-ஆம் யூனிட்டிலிருந்தே 4.50, 400-க்கு மேல் 6, 500-க்கு மேல் 8 ரூபாய். ஆக 600 யூனிட்டுக்கு 2,750 ரூபாய். அந்தக் கடைசி 100 யூனிட்டைக் குறைத்தால் மிச்சம் 1,025 ரூபாய். 250 யூனிட்டிலிருந்து 150-க்கு இறங்கும் வீட்டுக்கு அதே 100 யூனிட்டில் மிச்சம் 337.50 மட்டுமே. நூறு யூனிட்டுக்குள் குடும்பம் நடத்துபவருக்கு ஒரு காசும் மிஞ்சாது. எனவே ‘மின்சிக்கன வீடு’ என்று பொதுவாகச் சொல்லி விற்பது பாதி உண்மைதான். ஏசி ஓடும் வீட்டில் அது பணம். மின்விசிறியோடு நிற்கும் வீட்டில் அது தூக்கம்.

இந்த மிச்சத்தை வீட்டின் எந்தப் பாகம் தருகிறது? வீட்டை விற்பவர் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போய்விடலாம். கூரையையும் சுவரையும் முடியாது. சுவாமிமலை வட அட்சரேகை 11 பாகையை ஒட்டியுள்ளது. சித்திரையின் தொடக்கத்திலும் ஆவணியின் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. வெயிலின் பெரும்பங்கைத் தாங்குவது கூரை. வெறும் கான்கிரீட் தளம் பகலில் குடித்த சூட்டை இரவில் அறைக்குள் இறக்குகிறது. வீட்டார் படுக்கும் நேரமும் அதுதான். நாட்டு ஓட்டுக்கூரை இலேசானது. இடைவெளி வழியே அனல் வெளியேறும், பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். இதைவிடக் கவனிக்கப்படாதது பக்கச்சுவர். படுகையின் பழைய தெருக்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளும் வீட்டின் இரு நெடுஞ்சுவர்களிலும் பெரும்பாலும் வெயில் படுவதே இல்லை. வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியே வந்துவிடுகின்றன. புது நகர் மனையில் நாற்புறமும் இடம் விட்டுக் கட்டிய தனிவீடு நான்கு சுவரையும் வெயிலுக்குக் கொடுக்கிறது. இந்த வேறுபாட்டைத் தேய்மானக் கணக்கு தலைகீழாக்கிவிடுகிறது: குளிர்ந்த பழைய வீடு மனை விலைக்குப் போகிறது, கொதிக்கும் புது வீட்டுக்குக் கட்டட விலை கிடைக்கிறது.

நெதர்லாந்தில் நிலைமை வேறு. அங்கே வீடுகளுக்கு ஆற்றல் தரச்சீட்டு உண்டு. ப்ரௌனனும் கோக்கும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல தரம் பெற்ற வீடுகள் 3.7 சதவீதம் கூடுதல் விலைக்கு விற்றதாகக் கண்டனர். சீட்டு இருந்தால் சந்தை பார்க்கும் என்பதற்கு இது சான்று. இந்தியாவில் 2018 டிசம்பரில் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் வீட்டு ஆற்றல் விதித்தொகுப்பு கூரைக்கு வெப்பக் கடத்தல் வரம்பு விதிக்கிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கே அது பொருந்தும். அதாவது இரண்டு கிரவுண்டுக்கும் மேல். சுவாமிமலையில் கைமாறும் சாதாரண மனைக்கு அந்த விதி எட்டாது.

மறுப்புகள் உண்டு. சூரியத் தகடு போட்டால் போதாதா என்பது முதலாவது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டம் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம் தருகிறது. அந்த அளவுத் தகடுகளின் உற்பத்தி நாளுக்குச் சுமார் 8 யூனிட். அது பில்லைக் குறைக்கும், கூரைக்கு நிழலும் தரும். ஆனால் இரவு பத்து மணிக்கு அறை ஆறாமல் இருந்தால் ஏசி ஓடியே தீரும். இரண்டாவது மறுப்பு கனமானது: ஓடு மாற்றவும், கரையான் அரித்த உத்தரத்தைத் தாங்கவும் ஆகும் செலவு மின்மிச்சத்தை விழுங்கிவிடும். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு மாதத்துக்கு 1,025, அதாவது மாதம் 512 ரூபாய் மிச்சம் என்றாலும், 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு அது ஏறத்தாழ 57,000 ரூபாய்க்கான தவணை. வெயில் காலத்து மூன்று பில்களில் மட்டும் மிச்சம் வந்தால் அதில் பாதி. உத்தரம் கெட்ட வீட்டை அந்தத் தொகை காப்பாற்றாது. நல்ல நிலையில் இருக்கும் ஓட்டு வீட்டுக்கோ, தளத்தின்மேல் சுண்ணாம்புச் சுருக்கி போட்டுத் தட்டோடு பதித்த வீட்டுக்கோ மட்டுமே இக்கணக்கு நிற்கும். ‘பசுமை வீடு’ என்று விளம்பரப்படுத்தி இரண்டு லட்சம் கூட்டிக் கேட்பவரிடமும் இதே கணக்கைக் காட்டலாம். அதற்கு வேண்டிய ஆவணத்துக்காக எந்த அலுவலகத்திலும் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. விற்பவரிடம் இரண்டு ஆண்டு மின்கட்டண ரசீதுகளைக் கேட்டால், பங்குனி முதல் ஆடி வரை அந்த வீடு எந்தப் படியில் நின்றது என்று தெரிந்துவிடும்.