ரேடியேட்டரில் ஊற்றும் பச்சைத் தண்ணீர்

மரக்காணத்தில் இரும்பு நிலைக்காது. உப்பளத்து ஓரம் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, கேட்டுக் கொண்டி, சைக்கிள் ரிம் எல்லாம் சீக்கிரமே பொரிந்துவிடும்.

நம் ஊரோடு முடிகிற பக்கிங்காம் கால்வாயில் ஒரு காலத்தில் உப்பு படகில்தான் போனது. மரத்துக்கு உப்பு பகை இல்லை. லாரி வந்த பிறகுதான் வம்பு வந்தது. வெளியே தகரம் துருப்பது கண்ணில் படும், பெயின்ட் அடிக்கலாம். எஞ்சினுக்குள் நடப்பது யாருக்குத் தெரிகிறது?

பழைய டிரைவர்களுக்குத் தெரிந்திருந்தது. வழியில் கிணற்றுத் தண்ணீர் கிடைத்தால் முதலில் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். உவர்ப்பு என்றால் ஊற்ற மாட்டார்கள். அந்தக் கால எஞ்சின்கள் கனத்த வார்ப்பிரும்பு. செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தாலும் வண்டி ஓடும். இன்றைய வண்டிகளில் ஹெட் அலுமினியம், ரேடியேட்டரும் பெரும்பாலும் அலுமினியம். இரும்பும் அலுமினியமும் ஒரே உப்புத் தண்ணீரில் நின்றால் அது ஒரு பேட்டரிதான். அலுமினியம் கரையும், இரும்பு தப்பிக்கும். 1824-ல் ஹம்ப்ரி டேவி இதே குணத்தை வேறு விதமாகப் பயன்படுத்தினார். கப்பலின் அடியில் வேய்ந்த செப்புத் தகட்டைக் கடல்நீர் தின்னாமலிருக்க, அதோடு இரும்பையோ துத்தநாகத்தையோ சேர்த்து வைத்தார். செம்பு பிழைத்தது. ஆனால் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகம் குறைந்தது!

கூலண்டின் கதை குளிர்நாட்டில் தொடங்குகிறது. தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடிக்காமலிருக்க, ஆரம்ப நாட்களில் சிலர் கால்சியம் குளோரைடைக் கரைத்து ஊற்றினார்கள். அதுவும் உப்புதானே? உறையாமல் காத்தது, உலோகத்தைத் தின்றது. சாராயம் ஊற்றியவர்களுக்கு அது ஆவியாகிப் போனது. கடைசியில் கைகொடுத்த கிளைகாலை 1850-களிலேயே செய்து பெயரும் வைத்தவர் அல்சாஸ்காரரான ஷார்ல் அடோல்ஃப் வூர்ட்ஸ். பிரெஞ்சில் படித்த எங்களுக்கு வூர்ட்ஸ், பேரப்பிள்ளைகள் மனப்பாடம் செய்வது 'உர்ட்ஸ் வினை'. ஆள் ஒருவர்தான். ஈஃபில் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் இவர் பெயரும் உண்டு. 1927-ல் அமெரிக்காவில் யூனியன் கார்பைடு கிளைகாலைப் 'பிரெஸ்டோன்' என்று விற்கத் தொடங்கியது.

பெயர்தான் நம்மைக் கெடுத்தது என்பது என் எண்ணம். புதுச்சேரியில் சொல்தாக்கள் இதை 'ஆன்டிஜெல்' என்பார்கள், உறைவதைத் தடுப்பது என்று பொருள். மரக்காணத்தில் ஐஸ் எங்கே உறைகிறது, நமக்கெதற்கு என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை சுமார் 107 டிகிரிக்கு ஏறும் என்பதையும், துருவைத் தடுக்கும் மருந்து அதில் கலந்திருக்கிறது என்பதையும் யாரும் சொல்லவில்லை. நமக்கு வேண்டியது அந்த மருந்துதான்.

தெரிந்த உப்பு வியாபாரி ஒருவரின் சின்ன லாரிக்கு, ஓஸ் பைப் மாற்றிய கடையில் போர் தண்ணீரையே நிரப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த கோடையில் கேஸ்கட் பக்கம் ஹெட் அரித்து, தண்ணீர் ஆயிலில் இறங்கியது. உப்பு வாரும் மாதங்களில் வண்டி செட்டில் நின்றது. வாடகை வண்டி பிடித்தே அந்த சீசன் லாபம் போயிற்று.

நம் பக்கம் பச்சைத் தண்ணீர் என்றால் காய்ச்சாத தண்ணீர். மெக்கானிக்கிடம் 'பச்சைத் தண்ணி ஊத்துப்பா' என்றால் அவர் குழாயைத் திறந்துவிடுவார். கூலண்ட் என்றே கேளுங்கள். கலக்க பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். மருந்து தீர்ந்தால் கிளைகாலே புளித்து அமிலமாகும், ஆகவே வண்டிப் புத்தகத்தில் போட்ட கெடுவில் மாற்ற வேண்டும். சூட்டில் மூடியைத் திறக்கக் கூடாது. வடித்ததை வாசலில் ஊற்றாதீர்கள். கிளைகால் தித்திக்கும், ஆனால் விஷம். தெருநாய் நக்கினால் பிழைப்பது கஷ்டம்.