பாடாங் எறிந்த கல்

சிங்கை ஆறு கடலொடு கலக்குமிடத்தே ஒரு காலத்தில் மலைபோற் கிடந்து, இன்று ஒரு துண்டாய் ஸ்டாம்போர்டு சாலைப் பொருட்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கும் கல்லொன்றைக் காணச் சென்றிருந்தோம். அதன்மேல் எழுத்துண்டு, படிப்பாரில்லை.

இக்கல்லைப் பற்றி மலாய் மக்களிடை வழங்கும் கதை சுவையானது. சாயோங் என்னுமிடத்தில் அடிமையாயிருந்த பாடாங் என்பான், தன் வலையில் விழுந்த மீனைத் தின்றுவந்த பூதத்தைப் பிடித்து, அதன் வாந்தியைத் தின்று பெருவலி பெற்றானாம். அச்செய்தி கேட்ட நம்மவர் நாட்டரசன், அதாவது மலாய் நூல் 'கிலிங்' நாடெனக் குறிக்கும் நாட்டரசன், நாடி விஜய விக்கிரமன் என்னும் மல்லனை ஏழு கப்பல்களுடன் அனுப்பினானாம். கப்பல்களே பந்தயம். அரண்மனை முற்றத்துப் பெருங்கல்லை நம் மல்லன் முழங்காலளவே தூக்கினான். பாடாங்கோ தலைக்குமேல் தூக்கி ஆற்றுவாயில் எறிந்தான். ஏழு கப்பலும் போயின! பின்னர்ப் பாடாங் இறந்தபோது, அவன் புதைகுழிமேல் நாட்டுதற்குக் கற்றூண்களை அனுப்பியவனும் அக்கிலிங் அரசனே என்கிறது 'செஜாரா மெலாயு'. தோற்றவன் வென்றவனுக்குச் செய்த இம்மரியாதை, பூதத்தினும் வாந்தியினும் நமக்குப் பெரிதாய்த் தோன்றுகிறது.

நிற்க. கதையை விட்டுக் கல்லுக்கு வருவோம். 1819-இல் ஆற்றுமுகத்துக் காட்டை வெட்டிய வங்காள மாலுமிகள் கண்ணில் இது பட்டது. ஏறத்தாழப் பத்தடி உயரம்; இரண்டாய்ப் பிளந்திருந்தது; ஒரு முகத்தில் ஐம்பது வரி எழுத்து. பலர் வந்து பார்த்தனர். மாவைப் பிசைந்து ஒற்றி அச்செடுத்தவருமுண்டு, விளக்குக் கரி பூசியவருமுண்டு. இந்துக்கள் தங்கள் எழுத்தென்றனர், சீனர் தங்களதென்றனர். தமிழும் கற்றறிந்த முன்ஷி அப்துல்லா இவற்றையெல்லாம் எழுதிவைத்துள்ளார். சென்னைப் பீரங்கிப்படைத் தலைவர் பெக்பி என்பார் வழக்கொழிந்த தமிழாயிருக்கலாமென்றும் ஊகித்தார். இதைக் கேட்டுக் குதிக்க நம் உள்ளமும் எழுந்ததென்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் சான்றின்றித் தமிழென்று முழங்குவது, பூதக் கதையை மெய்யென்பதற்கு இளைத்ததன்று. அறிஞர் பலர் இன்று இதனைச் சாவகத்துக் கவி எழுத்தெனக் கருதுகின்றனர். மொழி பழஞ்சாவகமோ வடமொழியோ என்பது முடிவாகவில்லை.

முடிவாகாமைக்குக் காரணமுண்டு. 1843-இல் கோட்டைக்கு இடமும் ஆற்றுவாய்க்கு அகலமும் வேண்டுமென்று வெடிமருந்து வைத்துத் தகர்த்துவிட்டனர். லோ என்னும் படையதிகாரி ஓடிச்சென்று எழுத்துள்ள சில துண்டுகளைப் பொறுக்கிச் செதுக்குவித்துக் கல்கத்தாவுக்கனுப்பினார். நாம் கண்டது அவற்றிலொன்றே. அங்கிருந்து மீண்டு வந்தது. தேசாதிபதி மாளிகையருகே கிடந்த மற்றொரு பெருந்துண்டை, அவர் பினாங்கு போயிருந்த சமயத்தில், கைதிகள் சாலைக்குச் சல்லியாக்கிவிட்டனராம். அந்நாளில் சிங்கைச் சாலைகளில் உழைத்த கைதிகளிற் பெரும்பாலோர் இந்தியாவினின்று நாடு கடத்தப்பட்டவர்கள். நம் மல்லன் தூக்க மாட்டாத கல்லை நம்மவர் சம்மட்டியே பொடியாக்கிற்றோ, என்னவோ!

நாம் அதனெதிரே நின்றபோது, தோட்டத்திலிருந்து பேரனுடன் வந்திருந்த முதியவரொருவர் அருகில் வந்து, "ஐயா, இது நம்ம எழுத்துங்களா?" என வினவினார். யாரும் படிக்கவில்லையென்று கூறி, உடைத்த வரலாற்றையும் கைதிகள் செய்தியையும் சொன்னோம்.

அவர் சற்றுநேரம் பேசவில்லை. "நானும் தோட்டத்து ரோட்டுக்குக் கல்லுடைச்சவன்தானுங்க. உடைன்னா உடைக்கணும். கல்லுல என்ன எழுதியிருக்குன்னு எங்களை யாரு பாக்கச் சொன்னாங்க?" என்றார். பின்பு பையனைத் தூக்கிப் பிடித்து, அவ்வெழுத்துக்களை ஒவ்வொன்றாய்க் காட்டலானார்.